சரி என்று மட்டும் சொல்லும் ஃபங்ஷன்

மில்லர்புரம், தூத்துக்குடி
6 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

அம்மாவின் இடுப்பு வலியையும் என் சளியையும் கழித்துவிட்டுப் பார்த்தால் இங்கே சுகம்தான். மைனிக்கும் குட்டி ஜெப்ஸிக்கும் குளிர் ஒத்துக்கொள்கிறதா? துபாயில் குளிரும் என்றால் அம்மா நம்ப மாட்டேன் என்கிறாள்.

போனில் உன்னிடம் ஆபீஸ் விஷயம் பேசினால் அம்மாவுக்குக் கோபம் வருகிறது. கூப்பிடுவதே வாரத்தில் ஒருநாள், அதிலும் பெட்டி, யார்டு என்று நேரத்தைத் தின்கிறோமாம். அதனால் பழையபடி மெயிலில் எழுதிவிடுகிறேன்.

ஹார்பர் ரோடு கன்டெய்னர் யார்டில் நம் புரோகிராம் ஓட ஆரம்பித்து இன்றோடு பத்து நாள். ஜாவாவை விட்டுவிட்டு ஹாஸ்கெல் மொழியில் எழுதுகிறாளே என்று கம்பெனியில் எல்லாரையும்விட அதிகமாகச் சண்டை போட்டவன் நீ. புராடக்ட் ஹெட் என்ற முறையில் இல்லாவிட்டாலும் அண்ணன் என்ற முறையில் இதைப் படி. உள்ளே வரும் பெட்டியை எங்கே வைப்பது என்று சொல்வதுதான் இதன் வேலை. ஆபத்தான சரக்கு என்றால் அதன் பக்கத்தில் எது இருக்கலாம், மேலே எது இருக்கலாம் என்று பார்க்க வேண்டும். ப்ளீச்சிங் பவுடர் பெட்டி மேல் ஆசிட் பெட்டியை வைத்து, ஆசிட் ஒழுகினால் குளோரின் வாயு கிளம்பும். இதில் ஒவ்வொன்றுக்கும் ஒரு டைப் வைத்திருக்கிறேன். ஏற்றுமதிக்காரர் வாயால் சொன்ன பெட்டி ஒரு டைப். நம் ஆட்கள் காகிதத்தோடு ஒத்துப் பார்த்த பெட்டி வேறொரு டைப். இடம் ஒதுக்கும் ஃபங்ஷன், அதாவது அந்தக் கணக்கைப் போடும் பகுதி, இரண்டாவதை மட்டும்தான் வாங்கும். தெரியாமல் முதலாவதைக் கொடுத்து எழுதினால், எழுதினதை ஓடும் வடிவத்துக்கு மாற்றும் கம்பைலரே முடியாது என்று நிறுத்திவிடும், புரோகிராம் ஓடவே ஆரம்பிக்காது. எழுதுகிறவள் தூங்கி வழிந்தாலும் அது தூங்காது.

யார்டு மேனேஜர்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். ஒரு நாளைக்கு ஆறேழு பெட்டியை இடமில்லை என்று திருப்பி அனுப்புகிறதாம். அனுப்பத்தான் வேண்டும்.

அம்மாவுக்கு இடுப்பு ஆபரேஷன் பிப்ரவரி 18 என்று பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் தேதி கொடுத்துவிட்டார்கள். நீ வருவாயா என்று என்னிடம் கேட்கவில்லை. காலண்டரில் மட்டும் வட்டம் போட்டு வைத்திருக்கிறாள்.

மைனியைக் கேட்டதாகச் சொல்.

உன் தங்கை
ஜாஸ்லின்

*

துபாய்
12 ஜனவரி 2025

அன்புத் தங்கை ஜாஸுக்கு,

குட்டிக்குக் காய்ச்சல் வந்து போய்விட்டது, ஜெயபிரியா சுகம், நான் ஓட்டத்தில் இருக்கிறேன். உன் சளி போனதா? கற்பூரவல்லி போட்டு ஆவி பிடி.

அம்மாவிடம் வட்டத்தை அழிக்க வேண்டாம் என்று சொல். டிக்கெட் போட்டுவிட்டேன். பிப்ரவரி 16ஆம் தேதி வந்து ஒரு வாரம் இருப்பேன்.

உன் டைப் விளக்கத்தை இரண்டு தடவை படித்தேன். பெருமையாக இருந்தது. அப்பா இருந்திருந்தால் நம் ஊர் நாசரேத்தில் கடைகடையாகப் போய்ச் சொல்லியிருப்பார், பெட்டி என்றால் என்னவென்று தெரியாமலேயே.

மேனேஜர் என்னையும் கூப்பிட்டார். லாரிகள் பைபாஸ் வரை நிற்கிறதாம். மார்ச்சில் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டும் என்பது உனக்குத் தெரியும். இந்த ஒரு யார்டை வைத்துத்தான் நான் இங்கே வளைகுடாவில் மூன்று இடத்தில் பேசிக்கொண்டிருக்கிறேன். கொஞ்சம் நெகிழ்த்த முடியாதா? எந்தப் பெட்டி எதன் பக்கத்தில் என்பதை எந்த இடத்தில் முடிவு செய்கிறாய்? சும்மா தெரிந்துகொள்ளக் கேட்கிறேன். இங்கே கேட்கிறவர்களுக்கு நான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஜெபத்தில் நினைத்துக்கொள்.

அண்ணன்
கிருபாகரன்

*

மில்லர்புரம்
20 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

சளி போய்விட்டது. நீ வருகிறாய் என்றதும் அம்மா பாதி சுகமாகிவிட்டாள். நெத்திலி காயப்போடச் சொல்லியிருக்கிறாள், அந்தக் காலோடு மொட்டை மாடிக்கு ஏறப் பார்த்தாள்.

நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். இது எனக்கே மிகவும் பிடித்த பகுதி. ஹாஸ்கெல்லில் எண்ணையும் எழுத்தையும் போல ஒரு ஃபங்ஷனையும் இன்னொரு ஃபங்ஷனுக்குள் கொடுக்கலாம். ஒவ்வொரு துறைமுகத்துக்கும் விதி வேறு. அதனால் விதியையே ஒரு ஃபங்ஷனாக எழுதி, இடம் ஒதுக்கும் ஃபங்ஷனிடம் கொடுத்துவிடுகிறேன். அந்த விதிக்கும் டைப் உண்டு: சரிபார்த்த பெட்டி இரண்டை வாங்கி, சேர்த்து வைக்கலாமா கூடாதா என்று ஒரு பதில் தரவேண்டும். அந்த டைப்பில் இருக்கிற எந்த விதியையும் அங்கே பொருத்தலாம். நாளைக்கே உன் துபாய்க்கு வேறு விதி வேண்டுமென்றால் ஒரே வரியில் பெயரை மாற்றினால் போதும். சோதனை செய்வதற்காக ஒரு பொம்மை விதி எழுதி வைத்திருக்கிறேன், பெயர் ‘எப்போதும்சரி’. எந்த இரண்டு பெட்டியைக் கொடுத்தாலும் எட்டிக்கூடப் பார்க்காமல் சரி என்று சொல்லும். என்னோடு வேலை பார்க்கும் ஜோன்ஸ் அதைப் பார்த்துவிட்டு, இது நம்ம கவுன்சிலர் மாதிரில்லா இருக்கு என்றான்.

விதிப் பகுதியை நான் மட்டும்தான் மாற்றலாம் என்று வைத்திருக்கிறேன். மற்றதற்கெல்லாம் ஜோன்ஸும் பார்த்துச் சரி சொல்ல வேண்டும், இதற்கு வேண்டியதில்லை.

நெகிழ்த்துவது மட்டும் முடியாது அண்ணா. அது யாரோ போட்டுவைத்த சடங்கு இல்லை. மேனேஜரிடம், சரக்கை ஒழுங்காகப் பிரித்து அனுப்பச் சொல். நீ சொன்னால் கேட்பார்.

வரும்போது அம்மாவுக்கு அந்த முட்டிக்குத் தடவும் மருந்து இரண்டு வாங்கி வா. வேறொன்றும் வேண்டாம்.

உன் தங்கை
ஜாஸ்லின்

*

மில்லர்புரம்
3 மார்ச் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

அம்மா வாக்கர் பிடித்துக்கொண்டு அடுப்படி வரை வருகிறாள். வந்து நின்று, உப்பு பார் என்று அதிகாரம் செய்கிறாள். இதைவிடப் பெரிய சுகச்செய்தி என்னிடம் இல்லை. நீங்கள் மூவரும் எப்படி?

நீ போனபின் வீடு காலியாகக் கிடக்கிறது. ஒழுகின குழாயைச் சரி செய்திருக்கிறாய், பாத்ரூமில் பிடித்துக்கொள்ளக் கம்பி போட்டிருக்கிறாய். ஆபரேஷன் முடிந்த மறுநாள் உன்னை மட்டும் வீட்டில் விட்டுவிட்டு நான் ஆஸ்பத்திரியிலேயே இருந்துவிட்டேன் என்று எனக்குக் குறையாக இருந்தது. ஆபீஸ் கால் இருக்கிறது, உன் லேப்டாப்பைக் கொடு, என்னுடையது மக்கர் பண்ணுகிறது என்றாய். நீ அங்கே வேலையும் பார்த்து, குழாயும் பார்த்திருக்கிறாய். அன்றைக்குத்தான் அம்மா முதல் தடவையாக எழுந்து நின்றாள், என் தோளைப் பிடித்துக்கொண்டு. நீ பார்க்கவில்லையே என்று அழுதாள்.

இன்னொரு நல்ல செய்தி. இரண்டு வாரமாக யார்டில் ஒரு பெட்டிகூடத் திரும்பவில்லை. மேனேஜர் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். நீ அவரிடம் பேசினேன், இனி பிரித்து அனுப்புவார்கள் என்று சொன்னாயே, நிஜமாகவே கேட்டுவிட்டார்கள். நான் ரிப்போர்ட்டை ஒருநாள் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அம்மாவைக் குளிப்பாட்டி, மருந்து கொடுத்து முடிப்பதற்குள் ஆபீஸ் நேரம் வந்துவிடுகிறது.

நீ என் அண்ணனாகவும் இருப்பது எனக்குப் பெரிய ஆறுதல். எழுதக் கூச்சமாக இருக்கிறது. எழுதிவிட்டேன்.

ஜாஸ்லின்

*

துபாய்
5 மார்ச் 2025

அன்பு ஜாஸ்,

சுகமாக இருக்கிறோம். அம்மா நடக்கிறாள் என்று படித்து ஜெயபிரியாவிடம் சொன்னேன். ரிப்போர்ட்டெல்லாம் இப்போது பார்க்க வேண்டாம், அம்மாவைப் பார். அங்கே எல்லாம் நன்றாகத்தான் போகிறது.

ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது.

அண்ணன்

*

மில்லர்புரம்
24 ஏப்ரல் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

அம்மா சுகம். உங்களைக் கேட்கக்கூட மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை, மன்னித்துக்கொள்.

நேற்று முன்தினம் மதியம் யார்டில் குளோரின் கசிந்துவிட்டது. மேலே ஆசிட் டிரம் ஏற்றின பெட்டி, அதற்கு நேர் கீழே ப்ளீச்சிங் பவுடர். மேல்பெட்டியில் ஒரு டிரம் வெடித்து, ஆசிட் ஒழுகி இறங்கியிருக்கிறது. கீழே சீல் பார்த்துக்கொண்டு நின்றவர் சுடலைமாடன். உனக்கு அவரைத் தெரியும், நாம் யார்டைப் பார்க்கப் போனபோது வெயிலில் நிற்காதீங்க என்று குடை கொண்டுவந்து கொடுத்தாரே, அவர்தான். பக்கத்து வரிசையில் ஒரு டிரைவர் மயங்கிக் கிடப்பதைப் பார்த்து, வெளியே ஓடியவர் திரும்ப உள்ளே போய் அவரை இழுத்துக்கொண்டு வந்திருக்கிறார். டிரைவர் பிழைத்துக்கொண்டார், வீட்டுக்கே போய்விட்டார். சுடலைமாடனுக்கு நுரையீரல் வெந்துவிட்டது. ஆக்சிஜனில் வைத்திருக்கிறார்கள்.

அந்தப் பெட்டிக்கு அந்த இடத்தைக் கொடுத்தது நம் புரோகிராம். எப்படிக் கொடுத்தது என்று எனக்குப் புரியவில்லை. கொடுக்கவே முடியாது. நான் இன்னும் எதையும் திறந்து பார்க்கவில்லை. இரண்டு நாளாக ஆஸ்பத்திரி வாசலில்தான் இருந்தேன்.

உடனே எழுது.

ஜாஸ்லின்

*

துபாய்
25 ஏப்ரல் 2025

அன்பு ஜாஸ்,

செய்தி கேட்டதிலிருந்து எங்களுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்த மனிதருக்காக ஜெபம் பண்ணுகிறோம்.

நான் சொல்வதைக் கேள். யாரிடமும் எதுவும் பேசாதே. அரசு அதிகாரிகள் விசாரிக்க வருவார்கள், கம்பெனி வக்கீல் இல்லாமல் பதில் சொல்லாதே. ஜோன்ஸிடமும் பேச வேண்டாம். இந்த நேரத்தில் அந்த ஒரு வரியைத் தேடிக்கொண்டு உட்காராதே, எதுவும் மாறப்போவதில்லை. எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன். உன் பெயருக்கு ஒன்றும் வராமல் பார்ப்பது என் பொறுப்பு.

நன்றாகத் தூங்கு. அம்மாவிடம் ரொம்பச் சொல்லிவிடாதே.

அண்ணன்

*

மில்லர்புரம்
2 மே 2025

அண்ணனுக்கு,

அம்மா சுகம். நீங்கள் சுகம் என்று நம்புகிறேன்.

நேற்று சுடலைமாடனைப் பார்க்க விட்டார்கள். பேச முடியவில்லை, கையை மட்டும் தூக்கினார். அவருடைய மனைவி சந்தனச்செல்வி வெளியே பெஞ்சில் இருந்தார். நான் யார் என்று சொன்னேன்.

“எந்தப் பெட்டி எங்கன இருக்கணும்னு சொல்லுத மிஷினு, நீங்க எழுதுனதுதானாம்லா?” என்று கேட்டார்.

ஆமாம் என்றேன்.

“அவுக அதத்தான் சொல்லிக்கிட்டே இருப்பாக. இப்ப புதுசா ஒண்ணு வந்திருக்கு, இனிமே பயமில்லன்னு.”

அவர் என்னைத் திட்டவில்லை. ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்தார். அதைக் குடிக்கவும் முடியாமல் வைக்கவும் முடியாமல் நின்றேன்.

வீட்டுக்கு வந்து புரோகிராமைத் திறந்தேன். விதியின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எப்போதும்சரி’ என்று இருந்தது. ஒரே வரி. கம்பைலர் தடுக்கவில்லை. தடுக்க அதற்குக் காரணமும் இல்லை, இரண்டும் ஒரே டைப். இரண்டு பெட்டி வாங்குகிறது, ஒரு பதில் தருகிறது. அந்தப் பதில் யோசித்துச் சொன்னதா, கண்ணை மூடிக்கொண்டு சொன்னதா என்று கம்பைலருக்குத் தெரியாது. இரண்டு மாதமாக யார்டுக்குள் வந்த ஒவ்வொரு பெட்டிக்கும் அது சரி, சரி என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. திரும்பும் பெட்டி இல்லையே என்று நான் சந்தோஷப்பட்டு உனக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன்.

மாற்றியவர் பெயர் என்ற இடத்தில் என் பெயர் இருக்கிறது. பிப்ரவரி 19, காலை 11.40. நம் வீட்டு இணைய இணைப்பிலிருந்து போயிருக்கிறது. அந்த நேரத்தில் நான் பாளையங்கோட்டையில் அம்மாவைத் தூக்கி நிறுத்திக்கொண்டிருந்தேன். லேப்டாப் மில்லர்புரத்தில் இருந்தது. நீயும் மில்லர்புரத்தில் இருந்தாய்.

இன்னொன்று. நான் எதையும் திறந்து பார்க்கவில்லை என்றுதான் உனக்கு எழுதியிருந்தேன். ஒரு வரி என்று உனக்கு யார் சொன்னது?

வேறு யாரிடமும் இதை இன்னும் பேசவில்லை. முதலில் உன் வாயால் கேட்க வேண்டும். அதற்காகக் காத்திருக்கிறேன்.

ஜாஸ்லின்

*

துபாய்
23 மே 2025

அன்புத் தங்கைக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. குட்டிக்குப் பள்ளியில் பரீட்சை, ஜெயபிரியாவின் அம்மா வந்திருந்தார்கள், எனக்கும் முதுகுப் பிடிப்பு. இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. அம்மா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாளா? கால்சியம் தீர்ந்திருக்கும், வாங்கி வை.

கம்பெனியில் உனக்காக நிறையப் பேசியிருக்கிறேன். அவர்களும் உன்மேல் மரியாதையாகத்தான் இருக்கிறார்கள். ஒரு அறிக்கை தயார் செய்து உனக்கு அனுப்புவார்கள். சோதனைக்காக விதியை மாற்றினேன், திரும்ப மாற்ற மறந்துவிட்டேன் என்று அதில் இருக்கும். அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்த வாரம், மனம் ஒருநிலையில் இல்லை என்பதையும் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். இப்படிப்பட்ட மறதியை யாரும் பெரிய குற்றமாக எடுக்க மாட்டார்கள். ஆறு மாதம் போனால் உன்னை வேறு புராஜெக்டுக்கு நானே கொண்டுவந்துவிடுவேன்.

கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடு. இதை நீட்ட வேண்டாம்.

அண்ணன்
கிருபாகரன்

*

மில்லர்புரம்
31 மே 2025

அண்ணனுக்கு,

நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. கால்சியம் வாங்கிவிட்டேன்.

கையெழுத்துப் போடவில்லை. மாற்றியது நான் இல்லை, அன்றைக்கு நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன் என்று விசாரணை அதிகாரியிடம் சொன்னேன். அதை நம் அம்மாவிடம் கேட்க அவர் நேற்று வீட்டுக்கே வந்தார், அம்மாவால் படி இறங்க முடியாது என்பதால். வருவதற்கு முன் ஜோன்ஸ் என்னிடம் ஒன்று சொன்னான். பிப்ரவரி 19 அன்று நாள் முழுக்க நீ ஆஸ்பத்திரியில் இருந்ததாகவும், நான்தான் குளிக்கவும் ஆபீஸ் வேலைக்குமாக வீட்டுக்குப் போய்விட்டதாகவும் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறாயாம். அவன் சொன்னபோது நான் நம்பவில்லை. ஏதோ மாற்றிக் கேட்டிருக்கிறாய் என்று அவனோடு சண்டை போட்டேன்.

ஆஸ்பத்திரியில் கேமரா பதிவை ஒரு மாதத்துக்கு மேல் வைப்பதில்லை. நர்ஸ்களுக்கும் நினைவில்லை. ஆகவே அம்மாவின் வார்த்தைதான் சாட்சி. எனக்குப் பயமே இருக்கவில்லை. அம்மா முப்பத்திரண்டு வருஷம் டீச்சராக இருந்தவள். முதல் தடவை எழுந்து நின்ற நாளை மறக்கிறவள் இல்லை.

அதிகாரி நல்ல மாதிரியான பெண். மெதுவாகக் கேட்டார். அம்மா என்னைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: “அன்னைக்கு ஜாஸ்லின் காலையிலயே வீட்டுக்குப் போயிட்டா. மகன்தான் என் கூட இருந்தான்.”

நல்லா யோசிச்சுச் சொல்லுங்க டீச்சர் என்றார் அதிகாரி.

“யோசிச்சுதான் சொல்லுதேன்.”

எழுதிக்கொண்டார்கள். அம்மா கையெழுத்துப் போட்டாள், அந்த நீட்டி எழுதும் கையெழுத்தில், முழுப் பெயரும். நான் காப்பி போட்டுக் கொடுத்தேன். வந்தவர்களுக்குக் காப்பி கொடுக்காமல் எப்படி அனுப்புவது?

அவர்கள் போனபின் அம்மாவின் போனைச் சார்ஜில் போடப் போனேன். முந்தின நாள் உன்னிடமிருந்து கால் வந்திருக்கிறது. நாற்பத்தொரு நிமிஷம். நான் கடைக்குப் போயிருந்த நேரம்.

லேப்டாப்பைத் தொட்டதை நான் மன்னித்திருப்பேன் அண்ணா. அவசரத்தில் செய்தாய், மறந்தாய் என்று நானே உனக்காக ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தேன். என் அம்மாவைக் கொண்டு என்னைப் பொய்க்காரி ஆக்கினாயே, அதற்கு என்னால் காரணம் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஜாஸ்லின்

*

துபாய்
9 ஜூன் 2025

ஜாஸ்,

நலம் விசாரிக்க எனக்குத் தகுதி இல்லை. இருந்தாலும் கேட்கிறேன், எப்படி இருக்கிறாய்?

மாற்றியது நான்தான். மேனேஜர் அன்று காலையில் கூப்பிட்டு, வெள்ளிக்கிழமை அவர்களுடைய டைரக்டர்கள் வருகிறார்கள், அன்றைக்கும் பெட்டி திரும்பினால் ஒப்பந்தத்தை மறந்துவிடு என்றார். உன் கடிதம் நினைவுக்கு வந்தது. ஒரு பெயரை மாற்றினேன். உன் லேப்டாப் என்பதால் உன் பெயரில் போயிற்று, அதை நான் யோசிக்கக்கூட இல்லை. வெள்ளிக்கிழமை முடிந்ததும் திரும்ப மாற்ற வேண்டும் என்றுதான் இருந்தேன். சனிக்கிழமை பிளைட். இங்கே வந்தபின் உன்னிடம் சொல்லித்தான் மாற்ற முடியும். சொல்ல வாய் வரவில்லை. ஒவ்வொரு நாளும் ஒன்றும் ஆகவில்லையே என்று இருந்துவிட்டேன்.

இப்போது நான் ஒப்புக்கொண்டால் வேலை போகும். வேலை போனால் விசா போகும். குட்டியைப் பள்ளியிலிருந்து எடுத்துக்கொண்டு எங்கே போவேன்? நீ தனி ஆள். கெட்டிக்காரி. எங்கே போனாலும் உனக்கு வேலை கிடைக்கும். மறதி என்று எழுதினால் உனக்கு ஒரு கறை, அவ்வளவுதான். எனக்கு எல்லாமே போய்விடும். அம்மாவிடமும் இதைத்தான் சொன்னேன். அவளை நான் கட்டாயப்படுத்தவில்லை. அவளுக்கே புரிந்தது.

இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு அழித்துவிடு. உன் காலில் விழுந்து கேட்பதாக நினைத்துக்கொள்.

அண்ணன்

*

தூத்துக்குடி
15 ஜூன் 2025

திரு. கிருபாகரன் அவர்களுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன்.

கடிதத்தை அழிக்கவில்லை. ஜனவரியிலிருந்து நாம் எழுதிய எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்து அதிகாரியிடம் கொடுத்துவிட்டேன். ஒன்றையும் மறைக்கவில்லை. ஜனவரி 20ஆம் தேதிக் கடிதமும் அதில் இருக்கிறது. விதியை எப்படி மாற்றலாம் என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது நான். இன்னொருவர் பார்க்கத் தேவையில்லை என்று வைத்தது நான். ரிப்போர்ட்டைப் பார்க்காமல் விட்டது நான். என் தப்பை என் கையால் நான்கு பக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். சரி, இல்லை என்று வெறும் பதில் தரும் டைப்பை வைத்திருக்கக் கூடாது. எந்த விதிப்படி சரி, யார் பார்த்துச் சரி என்பதும் பதிலோடு சேர்ந்து வரும்படி டைப்பை எழுதியிருந்தால் ‘எப்போதும்சரி’ என்ற ஒன்றை அங்கே பொருத்தியிருக்கவே முடியாது. இதை எனக்குப் பதிலாக வருகிறவர்களுக்காக ஜோன்ஸிடம் விளக்கிவிட்டு, ராஜினாமா எழுதிக்கொடுத்துவிட்டு வந்தேன்.

சுடலைமாடன் வீட்டுக்கு வந்துவிட்டார். மூன்று படி ஏறினால் உட்கார்ந்துவிடுகிறார். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, “உங்க கூடப்பொறந்தவுகளா?” என்று மட்டும் கேட்டார். அந்த வெயிலில் நமக்குக் குடை கொடுத்தது அவருக்கு நினைவிருந்ததா என்று தெரியவில்லை.

நான் தனி ஆள் என்று நீங்கள் எழுதியது உண்மை. பிப்ரவரியில் அப்படி இருக்கவில்லை.

ஜாஸ்லின்

*

மில்லர்புரம்
20 ஜூலை 2025

மகன் கிருபாகரனுக்கு அம்மா எழுதுகிறேன்.

எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். எழுதி முடித்ததும் செல்லக்கனி தன் போனில் படம் எடுத்து உனக்கு அனுப்புவாள். செல்லக்கனி என்னைப் பார்த்துக்கொள்ள வந்திருக்கிற பெண், ஸ்பிக்நகர் பக்கம். நல்ல பிள்ளை. எனக்கு வலி குறைவு. குட்டி எப்படி இருக்கிறாள்? உன்னை வேலையிலிருந்து நிறுத்திவைத்திருக்கிறார்கள் என்று ஜெயபிரியா சொன்னாள். ஊருக்கு வருவதானால் வா. இந்த வீட்டின் கதவு உனக்கு அடைத்ததில்லை. வந்தால் முதலில் அந்த அதிகாரியைப் போய்ப் பார்.

போன செவ்வாய்க்கிழமை அவரை நானே வரச் சொன்னேன். முன்னே சொன்னது பொய் என்று எழுதிக் கொடுத்தேன். வலி மாத்திரை மயக்கத்தில் குழம்பிப்போய்ச் சொன்னீர்களா டீச்சர் என்று கேட்டார், எனக்கு ஒரு வழி விடுவதற்காக. இல்லை, தெரிந்துதான் சொன்னேன் என்றேன். அன்றைக்கு அவள் என் கட்டிலை விட்டு ஒரு அடி நகரவில்லை. எழுந்து நின்றபோது என் முழுப் பாரமும் அவள் தோளில்தான் இருந்தது. அது என் எலும்புக்கே தெரியும். தெரிந்துகொண்டு, அந்த அதிகாரி முன்னால் ஜன்னலைப் பார்த்தேன்.

ஏன் சொன்னேன் என்று நீ கேட்க மாட்டாய். நான் சொல்லிவிடுகிறேன். உனக்குக் குடும்பம் இருக்கிறது, பிள்ளை இருக்கிறது, நீ உடைந்துபோவாய் என்று நினைத்தேன். அவள் தாங்கிக்கொள்வாள் என்று நினைத்தேன். சின்னதிலிருந்தே அவள் தாங்கிக்கொள்கிறவள் என்பதால் பாரத்தை எப்போதும் அவள் பக்கமே தள்ளிப் பழகிவிட்டேன். நீ அன்றைக்குக் கேட்டது ஒரு பொய்தான். அதைக் கேட்கலாம் என்ற தைரியத்தை உனக்கு நான்தான் கொடுத்திருக்க வேண்டும்.

ஜூன் கடைசியில் அவள் கோயம்புத்தூருக்குப் போனாள். வேலை கிடைத்துவிட்டது. போகிற அன்று என் மருந்தையெல்லாம் கிழமை வாரியாகப் பிரித்து வைத்தாள், செல்லக்கனிக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தாள். நான் அவள் கையைப் பிடித்து, மன்னிச்சிரு ஜாஸ்லின் என்றேன். கையை இழுக்கவில்லை.

“நான் அங்கன இருந்தேன்னு உனக்குத் தெரியும்லாம்மா. மத்தவங்க நம்பலன்னா பரவாயில்ல. உனக்குத் தெரியும்.”

இவ்வளவுதான் சொன்னாள். ஆட்டோ வந்துவிட்டது.

நான் உண்மையை எழுதிக் கொடுத்துவிட்டேன் என்று அவளுக்கு ஜோன்ஸ் சொல்லியிருக்கிறான்.

தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குப் போன் பண்ணுகிறாள். ஒருநாள்கூடத் தவறினதில்லை. செல்லக்கனியின் போனுக்குத்தான் பண்ணுவாள். என்ன சாப்பிட்டேன், எவ்வளவு தூரம் நடந்தேன், ராத்திரி மாத்திரை இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்பாள். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன், அவள் குரல் லேசாகக் கேட்கும். எல்லாம் கேட்டு முடித்ததும் செல்லக்கனி, அம்மாட்ட குடுக்கேன்க்கா என்று போனை என் பக்கம் நீட்டுவாள்.

நான் வாங்கிக் காதில் வைப்பதற்குள் அங்கே வைத்துவிடுவாள்.

அம்மா
ரத்தினபாய்